கண்கட்டு போட்டோ கிட் ரிவ்யூ: பொட்டியில எல்லாம் இருக்கு, "ஏன்"ங்கறது மட்டும் இல்ல

ஸ்கூல்ல சனிக்கிழமை போட்டோ கிளப் நடத்தறேன். 12ல இருந்து 15 வயசு வரைக்கும் 22 பசங்க, பாதி பேர் கையில வீட்டு ஃபோன், மீதி பேருக்கு கிளப்போட ரெண்டு பழைய கேமரா. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (ஃப்ரேம மூணு மூணா பிரிச்சு, எடுக்கற பொருள அந்தக் கோட்டுல வைக்கறது), லைட் எந்தப் பக்கத்துல இருந்து வருது அது இதுன்னு சொல்லிச் சொல்லி அவங்களுக்கும் போர் எனக்கும் போர். சரி இந்தத் தடவ கண்ண ஏமாத்தற மாதிரி போட்டோ எடுக்கறத ஒரு டேர்ம் முழுக்க சொல்லித் தருவோம்னு முடிவு பண்ணி, டீச்சர்ஸுக்குன்னே விக்கற ஒரு கிரியேட்டிவ் போட்டோகிராபி கிட் வாங்கினேன். கம்பெனி பேரு சொல்லல, இதே மாதிரி பொட்டிங்க வேற வேற பேர்ல கிடைக்குது, நான் சொல்லப் போறதுல முக்காவாசி எந்தப் பொட்டிக்கும் பொருந்தும். 11 கிளாஸ் ஓட்டிப் பாத்துட்டுதான் எழுதறேன், பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடற ரிவ்யூ இல்ல இது.

உள்ள என்ன இருக்குன்னா, 80 மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டை ஒண்ணு, அதுக்கு ஒரு சின்ன ஸ்டாண்டு, முக்கோண ப்ரிஸம், ஃபோன் சைஸுக்கு நாலு கண்ணாடித் துண்டு (முகம் பாக்கற கண்ணாடிதான், ஆனா அக்ரிலிக், ஒடையாது), விரல் உயரத்துக்கு குட்டி குட்டி மனுஷ பொம்மை 20, ஒரு டார்ச், ஒரு கருப்புத் துணி, ஆறு வீடியோ பாடம் பாக்கறதுக்கு ஒரு கோட் (code), அப்புறம் 40 பக்கத்துக்கு வழவழன்னு ஒரு புக்லெட். பேக்கிங் சூப்பர், ஒண்ணும் ஒடையாம வந்துச்சு. புக்லெட் பிரிண்டிங்கும் சூப்பர். அதுல எழுதியிருக்கறதுதான் பிரச்சனை, அதுக்கு வரேன்.

முதல் கிளாஸ் புக்லெட்ல சொன்னபடியே அப்படியே பண்ணேன். ஒருத்தர் கைய நீட்டணும், இன்னொருத்தர் தூரமா போய் நிக்கணும், உள்ளங்கை மேல ஆளு நிக்கற மாதிரி படம். அதுக்கு பேரு ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ், சாஞ்சு நிக்கற பைசா கோபுரத்த கையால தாங்கற மாதிரி டூரிஸ்ட் எல்லாரும் எடுப்பாங்களே அதே சமாச்சாரம். பசங்க ஒரே கும்மாளம், கிரவுண்டே ரெண்டுபட்டுச்சு. கிளாஸ் முடிஞ்சு பாத்தா 22 படம், 22லயும் அதே உள்ளங்கை அதே ஆளு, பாதிக்கு மேல ஒண்ணு கை மங்கல் இல்லன்னா ஆளு மங்கல், கால் கைக்கு மேல அந்தரத்துல தொங்குது. சரி இது எப்படி வேல செய்யுதுன்னு யாராச்சும் சொல்லுங்கன்னேன். "தூரமா போனா சின்னதா தெரியும் மிஸ்." அவ்ளோதான். புக்லெட்டும் அவ்ளோதான் சொல்லுது.

அப்பதான் பின்னாடி உக்காந்திருந்த ஒரு பொண்ணு, எப்பவும் பேசவே பேசாது, கேட்டுச்சு: "தூரமா போனா சின்னதா தெரியும்னா என் கண்ணுக்கும் அவன் கை மேல நிக்கற மாதிரிதான தெரியணும்? நேர்ல பாத்தா அப்படி தெரியலயே, ஃபோன்ல மட்டும் எப்படி?"

இந்த ஒரு கேள்விக்கு 40 பக்கத்துல பதில் இல்ல. ஆறு வீடியோலயும் இல்ல. இந்த மொத்த விஷயத்தோட ஆணிவேரே அந்தக் கேள்விதான்.

அடுத்த கிளாஸ் பொட்டிய தொடவே இல்ல. ரெண்டு பென்சில எடுத்து, ரெண்டு கையையும் நல்லா நீட்டி, ஒரு கண்ண மூடிக்கிட்டு ரெண்டு முனையையும் முட்ட வைங்கடான்னேன். பாதி பேரால முடியல, பென்சில் ஒண்ண ஒண்ணு தாண்டிப் போகுது. ரெண்டு கண்ணையும் தொறந்தா டக்குனு முட்டுது. நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி, அதனால ஒவ்வொரு கண்ணுக்கும் கொஞ்சம் வேற வேற படம் விழுது, அந்த வித்தியாசத்த வச்சுதான் மூள பக்கத்துல இருக்கற பொருளோட தூரத்த கணக்குப் போடுது. கேமராவுக்கு கண்ணு ஒண்ணுதான். அது மட்டுமில்ல, நம்ம தலை சும்மா இருக்காது, லேசா ஆடிக்கிட்டே இருக்கும், ஆடும்போது பக்கத்துல இருக்கறது வேகமா நகரும் தூரத்துல இருக்கறது மெதுவா நகரும், அதுலயும் தூரம் தெரிஞ்சுடும். போட்டோல அதுவும் கிடையாது. ஒத்தக் கண்ணு, அசையாத தலை. இந்த ரெண்டயும் பிடுங்கிட்டா மூளைக்கு மிச்சம் இருக்கறது சைஸு, நிழல், எது எத மறைக்குது, படத்துல எவ்ளோ மேல தெரியுது, இந்த மாதிரி துப்புங்கதான். அந்தத் துப்ப எல்லாம் நாம பொய்யா வச்சா மூள நம்பிடும். கண்கட்டு வித்தை மொத்தமும் இதுக்குள்ள அடக்கம்.

இது புரிஞ்ச உடனே பசங்க போட்டோ எடுக்கற விதமே மாறிடுச்சு, நெஜமா சொல்றேன். ஃபோன எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு கண்ண மூடிக்கிட்டு கிரவுண்ட்ல அலைய ஆரம்பிச்சுட்டாங்க, காக்கா மாதிரி தலைய சாச்சு சாச்சு பாத்துக்கிட்டு. வாட்ச்மேன் என்கிட்ட வந்து பசங்களுக்கு கண்ணு வலியா மிஸ்னு கேட்டுட்டுப் போனாரு. முதல்ல ஒத்தக் கண்ணால படத்த கண்டுபிடிச்சுட்டு அப்புறம்தான் கேமரா, இந்த ஒரு பழக்கம் அந்தப் பொட்டியில இருக்கற எல்லாத்தையும் விட ஒசத்தி, இதுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்ல.

எங்க கணக்கு சார அரை மணி நேரம் கடன் வாங்கிட்டு வந்தேன். அவரு போர்டுல ரெண்டு முக்கோணம் போட்டாரு, 150 சென்டிமீட்டர் உயரமான பையன் 10 மீட்டர் தள்ளி நின்னா, 1 மீட்டர் தூரத்துல இருக்கற 15 சென்டிமீட்டர் பொருளோட சைஸ்ல தெரிவான், அவ்ளோதான், பாட்டில் உயரத்த விட சின்னதாகணும்னா எங்க நிக்கணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்கன்னாரு. வடிவொத்த முக்கோணங்கள பசங்க இவ்ளோ ஆசையா போட்டு நான் பாத்ததில்ல, டேப்ப எடுத்துக்கிட்டு ஓடறாங்க. வீட்டுக்குப் போய் நிலாவ பென்சிலால மறைங்கன்னு ஒரு ஹோம்வொர்க்கும் குடுத்தாரு. நிலாவோட குறுக்களவு 3,474 கிலோமீட்டர், ஆனா சுமார் 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கறதால கைய நீட்டிப் புடிச்சா 5 மில்லிமீட்டருக்கு மேல ஒரு துளி அகலம் போதும், முழு நிலாவும் மறைஞ்சுடும், பென்சில் தடிமனே தாராளம். பெரியவங்க கூட நம்ப மாட்டாங்க, கட்டவிரல் அளவுக்காச்சும் இருக்கும்னுதான் நெனப்பாங்க. திங்கக்கிழமை ஒரு பையன் வந்து எங்க அப்பா என்கூட பந்தயம் கட்டி தோத்துட்டாரு மிஸ்னான்.

இப்ப புக்லெட்ட கொஞ்சம் திட்டிக்கறேன். 9ஆம் பக்கத்துல "தூரத்துல இருக்கறவர் மேல ஃபோகஸ் வைக்கவும்"னு போட்டிருக்கு. ஃபோன்ல மெயின் லென்ஸ்ல அரை மீட்டர்ல கைய வச்சுக்கிட்டு தூரத்துல ஃபோகஸ் பண்ணா கை மங்காம என்ன பண்ணும், மங்குன உடனே மூளைக்கு குட்டு ஒடஞ்சு போச்சு, ரெண்டும் வேற வேற தூரம்னு. இந்த வித்தைக்கு ரெண்டு ஆளும் ஒரே அளவு ஷார்ப்பா இருக்கணும். நாங்க தட்டுத் தடுமாறி கண்டுபிடிச்ச வழி, படம் எடுக்கறவங்க கைய நீட்டவே கூடாது, கைய நீட்டறதுக்கு தனியா ஒரு ஆளு, அவங்க கேமராவுல இருந்து ஒண்ணர ரெண்டு மீட்டர் தள்ளி, மத்தவங்க 15, 20 மீட்டர் தள்ளி, ஃபோகஸ் பக்கத்து ஆளுக்கு ஒரு ஒண்ணர மீட்டர் பின்னாடி, விரலால அழுத்திப் புடிச்சு லாக் பண்ணிடணும். இல்லன்னா அல்ட்ரா வைட் லென்ஸுக்கு மாத்திக்கணும், அதுல கிட்டத்தட்ட எல்லாமே ஷார்ப்பாதான் விழும். பழைய கேமராவுல (சின்ன சென்சார் டைப், ஏபிஎஸ்-சின்னு சொல்வாங்களே அது) 18 மில்லிமீட்டர்ல எஃப்/16 (லென்ஸ் ஓட்டைய நல்லா சின்னதாக்கறது) வச்சு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஃபோகஸ் பண்ணா அரை மீட்டர்ல இருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஷார்ப். போர்ட்ரெய்ட் மோட் பக்கம் போகவே கூடாது, அது வேணும்னே மங்கலாக்கும். இத எல்லாம் எழுத அரைப் பக்கம் போதும், அதுக்குப் பதிலா ஒரு முழுப் பக்கத்துக்கு யாரோ சூரியன விரல்ல புடிக்கற படம் போட்டிருக்காங்க. சூரியன நேரா பாக்கக் கூடாதுன்னு கீழ ஒரு வரி கூட இல்ல, பசங்களுக்கான புக்லெட்ல!

இன்னொண்ணு, கால் அந்தரத்துல தொங்கற பிரச்சனை. இதுக்கு கேமராவ தரைக்கு இறக்கணும். நின்னு எடுத்தா ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற தரை நீளமா விரிஞ்சு தெரியும், அந்தத் தரைதான் காட்டிக் குடுக்கற எட்டப்பன். மண்ணுல குப்புறப் படுத்து எடுத்தா நடுத்தரை மொத்தமும் ஒரு கோடா சுருங்கிடும், பக்கத்துக் கையும் தூரத்துக் காலும் அந்தக் கோட்டுலயே முட்டிக்கும். யூனிஃபார்ம் அழுக்கானதுக்கு ரெண்டு வீட்டுல இருந்து போன் வந்துச்சு, அதுக்கு நான் பொறுப்பு, பொட்டி பொறுப்பில்ல. அப்புறம் யாரு எங்க பாக்கறாங்கங்கறது. பொம்மை சைஸ்ல இருக்கறவன் கேமராவ பாத்து பல்ல காட்டினா போச்சு, ராட்சசன் சைஸ்ல இருக்கறவன் இருக்கற திசைய அண்ணாந்து பாக்கணும், பாக்க அங்க ஒண்ணுமே இருக்காது, வெறும் வானத்த பாத்து பயப்படணும். இதுல நாடகக் கிளப் பசங்க மத்தவங்கள தூக்கி சாப்ட்டுட்டாங்க. கடைசியா நிழல். உள்ளங்கையில நிக்கறவனோட நிழல் உள்ளங்கையில விழணும், விழாது, ஏன்னா அவன் 15 மீட்டர் தள்ளி நிக்கறான். அதனால மேகமூட்டமான நாளு, இல்ல கட்டட நிழல், அங்கதான் இந்த மாதிரி படம் பொய்னு தெரியாம நிக்கும். உச்சி வெயில்ல எடுத்தா ஏதோ இடிக்குதேன்னு எல்லாருக்கும் தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது. பின்னாடியே நடந்து நடந்து ஃப்ரேம் பாக்கறதால படிக்கட்டு, ரோடு, மொட்டமாடி பக்கம் எல்லாம் பசங்கள விடாதீங்க, ஒருத்தன் செடித்தொட்டிக்குள்ளயே உக்காந்துட்டான்.

கண்ணாடி உருண்டைக்கு வருவோம், விளம்பரம் மொத்தமும் இத வச்சுதான். அழகுதான், ஒத்துக்கறேன். நல்ல கனம், 700 கிராம் கிட்ட வரும், சின்னப் பசங்க ஒரு கையால ரொம்ப நேரம் புடிக்க முடியாது, அந்த ஸ்டாண்டு வெறும் கண்துடைப்பு, கொஞ்சம் சரிவா இருந்தா உருண்டு ஓடிடும். உள்ள ஒரு குமிழி இருந்துச்சு, ஊசி முனை அளவுதான், படத்துல தெரியல. அதுக்குள்ள உலகம் தலைகீழா தெரியும், பசங்க படத்த தலைகீழா திருப்பி உருண்டைக்குள்ள இருக்கறத நேராக்கி, வெளிய இருக்கற உலகத்த கவுத்துட்டாங்க, அது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா ரெண்டு கிளாஸுல சலிச்சுப் போச்சு, ஏன்னா எத எடுத்தாலும் அதே படம்தான், உருண்டைக்குள்ள மரம், உருண்டைக்குள்ள கட்டடம், உருண்டைக்குள்ள ஃப்ரெண்டு. வேலை உருண்ட செய்யுது, புள்ள சும்மா பட்டன அமுக்குது. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பாடம் கிடைச்சுச்சு: ஃபோகஸ் எங்க வைக்கணும்னு தேடுறது. படம் உருண்டைக்குள்ள இருக்கற மாதிரி தெரியுதே தவிர உண்மையில நம்ம பக்கமா, கண்ணாடிக்கு வெளிய ஒரு 2 சென்டிமீட்டர்ல அந்தரத்துல நிக்குது. ஒரு துண்டு ட்ரேஸிங் பேப்பர அந்த இடத்துல புடிச்சா குட்டியா ஜன்னல் தலைகீழா அதுல விழும். இத காட்டினப்போ கிளாஸ் கப்சிப்.

அந்த 2 சென்டிமீட்டர் சமாச்சாரத்துக்கு இன்னொரு முகம் இருக்கு. வெயில் நேரா விழுந்தா சூரியனும் அதே இடத்துலதான குவியும்? ஒரு நாள் உருண்டைய ஜன்னலோரம் பொட்டியோட கருப்புத் துணி மேல வச்சுட்டு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு இருந்தேன், கருகற வாசனை, திரும்பிப் பாத்தா துணியில சல்லடை மாதிரி ஓட்டை, பொக பொகன்னு பொக. தப்பு என்னோடதுதான், பூதக்கண்ணாடி கதை தெரிஞ்ச ஆளுதான் நானும். ஆனா கண்ணாடி உருண்டையயும் கருப்புத் துணியயும் ஒரே பொட்டியில போட்டுக் குடுக்கறவங்க "வெயில்ல விட்டுட்டுப் போகாதீங்க"ன்னு கொட்டை எழுத்துல போட வேண்டாமா. கஸ்டமர் சர்வீஸுக்கு எழுதினேன், துணி மட்டும் புதுசா அனுப்பினாங்க, சீக்கிரமாவே அனுப்பினாங்க, எச்சரிக்கைய பத்தி ஒரு வார்த்த இல்ல. இந்த மாதிரி உருண்டைய பை இல்லாம வீட்டுல ஷோகேஸ்ல வச்சிருக்கறவங்க யாராச்சும் இத படிச்சா இப்பவே எந்திரிச்சு உள்ள எடுத்து வச்சுடுங்க.

ப்ரிஸம் சுமார். லென்ஸ் முன்னாடி புடிச்சா ஓரத்துல வானவில் வரும், ரெண்டு முகம் வரும், கல்யாண ஆல்பம் ஃபீல். அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

ஆனா அந்த நாலு கண்ணாடித் துண்டு இருக்கே, தங்கம். ஃபோன் லென்ஸுக்குக் கீழ ஒட்டினாப்புல மல்லாக்க புடிச்சா வெறும் சிமென்ட் தரை ஏரியாயிடும், கட்டடம் தண்ணியில தெரியற மாதிரி. ஒரு முகத்துல பாதிய கண்ணாடியால மூடி மீதிய ரெட்டிப்பாக்கலாம், எதிர்ல இருக்கற வானத்த ஒருத்தர் வயித்துல ஒட்டலாம், நாற்காலி மேல சாச்சு வச்சு கால் இல்லாத ஆள் பண்ணலாம். ஒவ்வொரு புள்ளையும் வேற வேற படம் கொண்டு வந்துச்சு, உருண்டையில நடக்காதது இங்க நடந்துச்சு, ஏன்னா கண்ணாடிய எந்தக் கோணத்துல புடிக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும், அது தானா எதுவும் செய்யாது. அக்ரிலிக்ங்கறதால லேசா வளைக்கலாம், வளைச்சா முகம் ரப்பர் மாதிரி இழுபடும். ஆந்த்ரே கெர்டெஸ்ங்கற போட்டோகிராபர் 1933லயே பாரிஸ்ல வளைஞ்ச கண்ணாடிங்கள வச்சு சுமார் 200 படம் இப்படி எடுத்துருக்காரு, அது மாடல்கள துணியில்லாம எடுத்தது, அதனால கிளாஸ்ல காட்டல, பேர மட்டும் சொன்னேன், எத்தன பேரு வீட்டுல போய் தேடினாங்களோ தெரியல. ஒரே குறை, அக்ரிலிக் சட்டுனு கீறல் விழும், மூணாவது வாரமே ரெண்டு துண்டு போச்சு, மெத்துன துணியில சுத்தி வைங்க.

குட்டி மனுஷ பொம்மைங்களுக்கு புக்லெட் சொல்ற ஐடியா, செருப்பு மேல ஏறற மனுஷன், புஸ்தகத்துல சறுக்கற மனுஷன். க்யூட்தான். இதுலயும் ஒரு "ஏன்" இருக்கு, அதயும் விட்டுட்டாங்க. ரொம்பப் பக்கத்துல எடுக்கும்போது கொஞ்ச தூரம்தான் ஷார்ப்பா விழும், முன்னும் பின்னும் மங்கிடும், அப்படி மங்கி இருந்தாலே இது சின்னப் பொருள்னு நம்ம கண்ணு பழகிப் போச்சு. அத திருப்பிப் போடலாம்ல? மூணாவது மாடியில இருந்து கிரவுண்ட எடுத்து, எடிட்ல மேலயும் கீழயும் மங்கலாக்கி, கலர கொஞ்சம் ஏத்தினா நெஜப் பசங்க எல்லாம் பொம்மையாயிடறாங்க. பொம்மைய பெருசாக்கறத விட மனுஷன பொம்மையாக்கறதுல பசங்களுக்கு இன்னும் குஷி, ஸ்கூல் பஸ்ஸ விளையாட்டு சாமானா மாத்தி வச்சிருக்கான் ஒருத்தன், பிரின்சிபால் ரூம்ல மாட்டியாச்சு.

வீடியோ பாடங்கள்ல ரெண்டாவது மட்டும் உருப்படி. கண்ணு எப்படி பாக்குதுன்னு ஆராய்ச்சி பண்ற எட்வர்ட் ஆடெல்சன் 1995ல போட்ட சதுரங்கக் கட்ட படம், நிழல்ல இருக்கற வெள்ளக் கட்டமும் வெளிச்சத்துல இருக்கற கருப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம்ங்கறது, அத காட்டறாங்க. நாங்க ஒரு தாள்ல ரெண்டு ஓட்ட போட்டு மேல வச்சுப் பாத்தோம், பசங்க என்ன ஏமாத்தறீங்கன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. அதுல இருந்து கேமரா எக்ஸ்போஷருக்கு (படம் எவ்ளோ வெளிச்சமா விழணும்ங்கறது) போனது நானா சேத்தது: வெள்ளத் தாள ஃப்ரேம் முழுக்க வச்சு எடு, கருப்புத் துணிய (ஓட்டை இல்லாத பகுதி) ஃப்ரேம் முழுக்க வச்சு எடு, ஆட்டோல ரெண்டும் சாம்பலாதான் வரும், ஏன்னா கேமரா எல்லாத்தையும் நடுத்தரமா ஆக்கப் பாக்கும். மத்த அஞ்சு வீடியோவும் பேக்ரவுண்ட் மியூசிக்க போட்டு ரிசல்ட்ட மட்டும் காட்டற ரகம். டார்ச்ச வச்சு காத்துல எழுதற பாடம் ஓகே, அத பாத்துட்டு பசங்களுக்கு நான் 1949ல பிக்காசோ லைட்டால காத்துல வரைஞ்சத ஜான் மிலிங்கற போட்டோகிராபர் எடுத்த கதைய சொன்னேன், அது வீடியோவ விட நல்லா போச்சு.

பொட்டியில இல்லாத ஒண்ணுதான் இந்த டேர்மோட ஹிட். சாயங்கால வெயில் சாய்வா விழறப்போ மண்ணுல பதிஞ்ச ஷூ தடத்த ஒரு பையன் எடுத்திருந்தான், ஃபோன் கை மாறும்போது தலைகீழா திரும்பிடுச்சு, பள்ளமா இருந்த தடம் மேடா புடைச்சுக்கிட்டு நிக்குது! வெளிச்சம் மேல இருந்துதான் வரும்னு மூள ஒரு முடிவோட இருக்கு, படத்த திருப்பினா நிழல் இடம் மாறும், பள்ளம் மேடாயிடும், நிலாவோட பள்ளங்களும் இப்படித்தான் ஏமாத்தும். அன்னைக்கு நான் போட்டு வச்சிருந்த பாடத்த மூடி வச்சுட்டு எல்லாரும் மண்ணுல தடம் பதிக்கப் போயிட்டோம். அதே சூட்டுல என் முகத்த எடுத்து, தலைகீழாக்கி, கண்ணையும் வாயையும் மட்டும் நேரா ஒட்டி வச்சாங்க, தலைகீழா பாத்தா சாதாரணமா இருக்கு, நேராக்கினா ராத்திரி தூக்கம் வராது. 1980ல பீட்டர் தாம்ப்சன்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர் முகத்த வச்சு செஞ்ச அதே வேல, எனக்கும் தாட்சருக்கும் ஒரே கதி.

இத சொல்லித் தரும்போது மனசுல ஒரு உறுத்தல் இருந்துச்சு, மறைக்க விரும்பல. பசங்களுக்கு பொய் படம் எடுக்க ட்ரெய்னிங் குடுக்கறோமோன்னு. 1917ல இங்கிலாந்துல காட்டிங்லிங்கற ஊர்ல 16 வயசு எல்ஸி ரைட்டும் 9 வயசு ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸும் அட்டையில தேவதை வெட்டி, தொப்பிக்கு குத்தற ஊசியால நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. ஷெர்லாக் ஹோம்ஸ எழுதின கானன் டாயிலே அத நெஜம்னு நம்பி 1920ல பத்திரிகையில எழுதினாரு, அந்தப் பொண்ணுங்க பாட்டியான பிறகு 1983லதான் அது அட்டைன்னு ஒத்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட நம்ம கிளப் பசங்க வயசு! இத கேட்டுட்டு பசங்க கேட்ட முதல் கேள்வி "66 வருஷம் எப்படி மிஸ் வாய மூடிட்டு இருந்தாங்க?" நான் எதிர்பாத்தது வேற, ஆனா இதுவும் நல்ல கேள்விதான்.

அதுல இருந்துதான் ஒரு விதி வச்சேன், கிட் வாங்கறவங்க யாரா இருந்தாலும் இத மட்டும் எடுத்துக்கோங்க: ஒவ்வொரு வித்தைப் படத்தோடயும் அதே நேரத்துல பக்கவாட்டுல இருந்து எடுத்த இன்னொரு படம் சேத்துதான் குடுக்கணும். முதல் படத்துல ராட்சசி ஒருத்தி ஃப்ரெண்ட மிதிக்கறா, ரெண்டாவதுல ஒருத்தி கால தூக்கிட்டு நிக்கறா, 15 மீட்டர் தள்ளி இன்னொருத்தன் மண்ணுல புரண்டு கத்தறான், நடுவுல ஒருத்தன் குப்புறப் படுத்து ஃபோன புடிச்சிருக்கான். ரெண்டாவது படம்தான் எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு மார்க் போடறதுக்கும் அதுதான் உதவி, வித்தை தெரிஞ்சு செஞ்சானா குருட்டு அதிர்ஷ்டமான்னு பக்கவாட்டுப் படம் பட்டுனு சொல்லிடும். எடிட் ஆப்ல ரெண்டு படத்த ஒட்டிட்டு வந்தவன் பக்கவாட்டுப் படம் இல்லாம முழிச்சான்.

சரி வாங்கலாமா? கண்ணாடித் துண்டு, டார்ச், பொம்மை, இது மூணும் தனித்தனியா எங்கயும் கிடைக்கும், அத எல்லாம் தேடி அலைய நேரமில்லாத டீச்சருக்கு இந்தப் பொட்டி ஓகே. புக்லெட்ட பசங்க கையில குடுக்காதீங்க, முதல் பக்கத்துலயே முடிஞ்ச படத்த காட்டிடறாங்க, அத பாத்துட்டா 22 பேரும் அதயேதான் எடுப்பாங்க. உருண்டைய கடைசி மாசத்துக்கு வைங்க, முதல்ல குடுத்தா மத்த எதுலயும் கண்ணு போகாது. தனியா வீட்டுல விளையாட வாங்கறவங்களுக்கு வேண்டாம், வீட்டுல இருக்கற கண்ணாடியும் ஃபோனும் போதும். அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுல ஒண்ணு கண்ணாடித் துண்டுக்கு மட்டுமே. எச்சரிக்கைய பிரிண்ட் பண்ணிட்டாங்கன்னா நாலா மாத்திடறேன்.

கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு கடைசி கிளாஸுல ஒரு படம் குடுத்துச்சு. காலி பெஞ்ச், அதுக்கு மேல ஒரு தண்ணி பாட்டில், அவ்ளோதான், ஒண்ணும் விசேஷமில்ல. பக்கவாட்டுப் படத்த கேட்டேன், பாட்டில் பெஞ்ச் மேலயே இல்ல, கேமராவுக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு குச்சி மேல நிக்குது, பெஞ்ச் பின்னாடி எங்கயோ கிரவுண்ட் ஓரத்துல கிடக்கு. எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டு ஒரு சாதாரண படம்னேன். "யாருக்கும் சந்தேகமே வராதுல்ல மிஸ்"னு சொல்லிட்டு பைய தூக்கிட்டுப் போயிடுச்சு.